எலிக்கு மனச்சிதைவு வருமா?

"காதில் குரல் கேட்கிறதென்று எலி சொல்லாதே, பிறகு ஏன் அதை வைத்து மனச்சிதைவை ஆராய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் முழுவதையும் அல்ல, அதன் ஒரு துண்டை மட்டும்தான் எலியில் பார்க்கிறார்கள்.

எங்கள் சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தத்திலேயே குழந்தை அசந்து தூங்கும். வேண்டாததை மூளை வடிகட்டிவிடும். இதை அளக்க ஒரு சோதனை உண்டு. திடீர்ச் சத்தத்துக்குச் சுமார் 100 மில்லிசெகண்ட் முன்னால் மெல்லிய ஒலி ஒன்றைக் கொடுத்தால் நாம் திடுக்கிடுவது குறையும். எலியும் குறைவாகவே துள்ளும். மனச்சிதைவு உள்ள பலரிடம் இந்தத் தணிப்பு குறைவு என்று 1978-லேயே பதிவு செய்தார்கள். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனைப் போல வேலை செய்யும் அபோமார்ஃபின் என்ற மருந்தைப் போட்டால் எலிக்கும் அப்படியே ஆகிறது. மனச்சிதைவுக்குத் தரும் மருந்தான ஹாலோபெரிடால் கொடுத்தால் சரியாகிறது. அப்புறம் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியா, முன்மூளைப் புறணியா, எந்த நரம்புச் சுற்றில் கோளாறு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். மனிதரிடம் அப்படிச் செய்ய முடியாதே! ஆனால் இந்தக் குறை வேறு சில நோய்களிலும் தென்படும்.