தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் கோயில் நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு எப்படி இடம் பண்ணுவது?

பல அலமாரிகள் நிரம்பிவிட்டன, புதிதாக அலமாரி வாங்கப் பணமில்லை என்கிறீர்கள். சரி, முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். எத்தனை புத்தகம் என்பதைவிட மொத்தத் தடிமன்தான் கணக்கு. 90 செ.மீ. தட்டில் 65, 70 செ.மீ. வரை அடுக்கி மீதியைக் காலியாக விடுங்கள்.

ஆனால் எல்லாத் தட்டிலும் ஒரே அளவு இடைவெளி வேண்டாம். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, உங்களிடம் அதுதான் அதிகம் சேரும் என்றால் அங்கே தாராளமாக விடுங்கள். முழுவதும் வந்து முடிந்த கலைக்களஞ்சியத் தொகுதிகளுக்கு இடைவெளி எதற்கு?

நகர்த்தும்போது கடைசித் தட்டிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் ஒரே புத்தகத்தை இரண்டு தடவை தூக்க வேண்டிவரும். அப்புறம், டர்பன் கடற்காற்றில் ஈரம் அதிகம். புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.