தம்பியின் ஜிம் ஆசையை எப்படி அளப்பது?

உங்கள் 19 வயதுத் தம்பி ஜிம்மே கதியென்று கிடக்கிறார், இது வெறும் ஆர்வமா அதற்கு மேலா, அளக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு, அதற்கென்றே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இருபது வயதில் நானே அதை நிரப்பியிருக்கிறேன்.

உடல் குறித்த மனக்குறையை அளந்த பழைய கேள்வித்தாள்கள் பெரும்பாலும் 'ஒல்லியாக வேண்டுமா' என்பதைத்தான் துருவிக் கேட்டன. பையன்களில் பலருக்கு ஆசை நேர் எதிர்த் திசையில் இருந்ததால், அவர்களுக்கு ஒரு குறையும் இல்லாதது போலத் தெரிந்தது. 2000-இல் மெக்ரியரி, சாஸி என்ற இரு ஆய்வாளர்கள் தசை வேட்கைக்கென்றே, அதாவது தசையைக் கூட்டிக்கொள்ளும் ஆசைக்கென்றே, 15 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 'எப்போதும்' முதல் 'ஒருபோதும் இல்லை' வரை ஆறு பதில்கள். அதில் மதிப்பெண் கூடுதலாக இருந்த பையன்களிடம் தன்மதிப்பு குறைவாகவும் மனச்சோர்வு அதிகமாகவும் இருந்தன.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கேள்விகளில் ஒரு பாதி மனத்தில் ஓடுவதைக் கேட்கும், மறுபாதி செய்வதைக் கேட்கும்: எடை தூக்குவது, புரோட்டீன் பவுடர் குடிப்பது, ஒருநாள் பயிற்சி தவறினால் குற்ற உணர்வு வருகிறதா என்பது போல. இரண்டும் சேர்ந்தே ஏறும் என்று கட்டாயமில்லை. நான் அப்போது ஜிம் வாசலைக்கூட மிதித்ததில்லை. சட்டையைக் கழற்ற வேண்டி வருமோ என்ற கூச்சம். 'என் கைகளில் போதிய தசை இல்லை' என்ற வரிக்கு 'எப்போதும்' என்று குறியிட்டதும், யாரும் பார்க்காத அந்த அறையிலேயே முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். செய்வதில் என் மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஆசையிலோ உச்சம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு முறையும் உண்டு. உடல் படங்களைக் காட்டி, எது நீ, எது உனக்குப் பிடித்தது என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்று நாட்டு இளைஞர்களும் தங்களைவிடச் சுமார் 13 கிலோ தசை கூடுதலான உடலையே விரும்பினார்கள். பெண்களுக்கும் அதுதான் பிடிக்கும் என்று நம்பினார்கள். பெண்கள் காட்டியதோ சாதாரண உடலை! இதை அந்த வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

சரி, தம்பி விஷயம். அந்தக் கேள்வித்தாள் நோயைக் கண்டறியும் கருவி அல்ல. எத்தனை மணி நேரம் ஜிம்மில் இருக்கிறார் என்று எண்ணுவதைவிட, காய்ச்சலில் படுத்த நாளில் எப்படி இருக்கிறார் என்று கவனியுங்கள். ஓய்வெடுக்க முடிந்தால் நல்லது. தவித்துப்போனால், கல்யாணம் காட்சிக்குக்கூட வராமல் ஒதுங்கினால், நல்ல உடம்பை வைத்துக்கொண்டே 'நோஞ்சானாக இருக்கிறேன்' என்று நம்பினால், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இந்த நிலைக்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. 'சும்மா இருடா, நல்லாத்தானே இருக்க' என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். எனக்கு அதைத்தான் சொன்னார்கள், அப்புறம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.