அசல் சந்தை எங்கே?

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை இஸ்தான்புல் வந்து சேர்ந்தேன். பகல் முழுவதும் கிராண்ட் பஜாரில் கழிந்தது. கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. எல்லாமே பயணிகளுக்காகப் போட்ட நாடகமாகத் தோன்றியது. கூட்டத்தில் மூச்சு முட்டியது. இந்நகரத்தின் அசல் சந்தை எங்கே இருக்கிறது? குங்குமப்பூவை எங்கே ஏமாறாமல் வாங்கலாம்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

சனிக்கிழமை இரவில் எழுதியிருக்கிறீர்கள்; இன்னும் அங்கேதான் இருப்பீர்கள் என்பதால் உடனே பதில் எழுதுகிறேன். தவிர, போகுமிடமெல்லாம் ‘அசல்’ தேடும் நம்மவர்களின் இந்த நோயைப் பற்றிச் சில காலமாகவே மனத்துக்குள் புகைந்துகொண்டிருந்தேன்.

1453இல் நகரைக் கைப்பற்றிய ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத், சில ஆண்டுகளுக்குள் இந்தச் சந்தையை எழுப்பத் தொடங்கியதே, அதன் வாடகை அயா சோஃபியா மசூதியின் செலவுக்கு ஆகட்டும் என்றுதான். காசுக்காகவே கட்டப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, காசு பார்க்கிறார்களே என்று வருந்துவது என்ன நியாயம்? கல்பக் என்னும் மென்மயிர்த் தொப்பி செய்தவர்களின் பெயரைத் தாங்கிய பிரதான தெருவில் இன்று தங்க நகை மின்னுகிறது. ஃபெஸ் என்னும் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி செய்தவர்களுக்கும் ஒரு தெரு உண்டு. 1925இல் துருக்கிக் குடியரசு அத்தொப்பிக்குத் தடை விதித்தபின் அவர்களின் தொழிலே போயிற்று. 1894 நிலநடுக்கத்தில் இடிந்து மீண்டும் எழுந்த சந்தை அது. எந்த ஆண்டின் சந்தையை அசல் என்கிறீர்கள்?

கூட்டத்தைப் பற்றிய புகாருக்குப் பதில் இல்லை. கூட்டம் பிடிக்காதவர் முதல் நாளே சந்தைக்குப் போவானேன்?

நீங்கள் நுழைந்த வாயில் வழியாகவே வெளியேறி, டிராம் ஏறி விடுதிக்குத் திரும்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வடக்குப் பக்கமாக வெளியேறி, எமினோனு துறையை நோக்கி இறங்கும் மஹ்மூத்பாஷா சரிவில் நடந்திருக்க வேண்டும். முதுகுத் திண்டின்மேல் தன் உயரத்துக்குப் பொதி சுமந்துவந்த ஒரு ஹமாலுக்கு, அதாவது சுமைகூலிக்கு, வழிவிட, நான் அங்கே ஒரு துணிக்கடைக்குள் ஒதுங்கினேன். உள்ளே ஒரு சிறுவனுக்குச் சுன்னத் உடை பார்த்துக்கொண்டிருந்தார்கள்: வெள்ளைச் சாட்டின் மேலங்கி, இறகு வைத்த தொப்பி, கையில் பளபளக்கும் செங்கோல். பையனுக்கு அந்தச் செங்கோலைத் தவிர வேறெதிலும் கண்ணில்லை. அவன் தாயோ மேலங்கியைப் புரட்டி, உட்புறத் தையலை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரர் வாய் திறக்காமல் அடுத்ததை எடுத்து விரித்தார்.

உடனே இதுதான் அசல் என்று குறித்துக்கொள்ளாதீர்கள், ஐயா. அந்த இறகும் செங்கோலும் ஏதோ பட்டறையில் மொத்தமாகச் செய்து இறக்கியவைதாம். ஆனாலும் அக்குடும்பத்துக்கு அது திருவிழா உடை. நீங்கள் நாள் முழுவதும் விற்பவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் நாடகமாகத் தெரிந்தது. வாங்குபவரைப் பார்த்தீர்களா? கிராண்ட் பஜாரின் நகைத் தெருவிலேயே, திருமணத்துக்கு வளையல் எடுக்க வந்த குடும்பங்கள் உங்கள் தோளை உரசிக்கொண்டு போயிருக்கும்.

குங்குமப்பூவா? மிக மலிவாகக் கிடைத்தால் அது குங்குமப்பூ போலத் தோன்றும் குசும்பாப்பூவாக இருக்கும், வாங்காதீர்கள். நாளை ஞாயிறு, கிராண்ட் பஜார் பூட்டியிருக்கும். படகில் ஏறி அக்கரைக்குப் போய்வாருங்கள். திங்களன்று அந்தச் சரிவில் இறங்குங்கள். வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.