பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த பழைய ஜூக்பாக்ஸை (காசு போட்டுத் தேர்ந்தெடுக்கும் பாட்டை இசைத்தட்டிலிருந்து ஒலிக்கும் பெட்டி) வீட்டிலேயே பழுதுபார்த்து மீட்டெடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முடியும். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்த பெட்டி கைக்கு வந்திருக்கிறது, முதலில் மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பிளக்கைச் செருகாமலேயே பல வாரங்களுக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையை முடித்த பிறகு கொடுக்கப்படும் மின்சாரம்தான் பெட்டிக்கும் உங்களுக்கும் பாதுகாப்பானது.

நான் மீட்டெடுத்தது 1952ஆம் ஆண்டின் சீபர்க் எம்100சி. வார இறுதிகளில் மட்டும் உழைத்து, ஒன்றரை ஆண்டில் முடித்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன் என்பதால், உங்களுடையது வேறு தயாரிப்பாக இருந்தால் சில விவரங்கள் மாறும். பெட்டியின் பின்பக்கத்திலோ உள்ளேயோ இருக்கும் உலோகத் தகட்டில் மாதிரி எண்ணைப் பாருங்கள். வுர்லிட்சர், சீபர்க், ராக்-ஓலா, ஏஎம்ஐ ஆகிய நான்கு பெரிய அமெரிக்க நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இயந்திர அமைப்புகளைக் கையாண்டன. 1946இல் வந்த வுர்லிட்சர் 1015 இருபத்துநான்கு 78 சுற்றுத் தட்டுகளை (நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகள்) ஒரு பக்கம் மட்டுமே பாடும். சீபர்க்கின் எம்100 வரிசையிலோ ஐம்பது தட்டுகள் புத்தக அலமாரியில் நூல்கள் நிற்பதுபோல நேராக நிற்கும். எடுக்கப்பட்ட தட்டு நின்ற நிலையிலேயே சுழல்வதால், அதைப் புரட்டாமலே இரு பக்கத்தையும் கேட்கலாம். 1950இல் வெளியான எம்100பி முதல்தான் இந்த வரிசை 45 சுற்றுத் தட்டுக்கு மாறியது. மாதிரி எண் தெரிந்ததும் அதற்குரிய சர்வீஸ் கையேட்டைத் தேடி எடுத்துவிடுங்கள். மின்சுற்றுப் படமும் எண்ணெய் இட வேண்டிய இடங்களின் வரைபடமும் இல்லாமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம்.

இனி உண்மையான வேலைக்கு வருகிறேன். பழைய ஜூக்பாக்ஸ்களில் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் தேய்மானம் அல்ல, இறுகிப்போன கிரீஸ். அந்தக் காலத்துக் கிரீஸ் ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெயை இழந்து, பிசின்போல் கெட்டியாகிப் பல்சக்கரங்களையும் அச்சுகளையும் பற்றிக்கொள்கிறது. என் பெட்டியில் தட்டெடுக்கும் வண்டி தண்டவாளத்தில் பாதி தூரம் போய் நின்றுவிடும். மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) போய்விட்டது என்றே நினைத்து, மாற்று மோட்டாரும் தேடத் தொடங்கிவிட்டேன். மோட்டாரைத் தனியே பிரித்துக் கையால் சுற்றியபோது அது தடையின்றிச் சுழன்றது. பல்சக்கரப் பெட்டிதான் அசைய மறுத்தது. அதைத் திறந்து பார்த்தபோது, பழுப்பு நிறத்தில் மெழுகு ஊற்றியதுபோல கிரீஸ் உறைந்திருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறவைத்து, பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்ட பிறகு, கையேடு சொன்ன இடங்களில் மட்டும் சொன்ன அளவில் புதிய எண்ணெயும் கிரீஸும் இட்டேன். அதன் பிறகு அந்த வண்டி இன்றுவரை நின்றதில்லை.

துருவை இளக்கும் ஸ்பிரேயை இங்கே பயன்படுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். அது உறைந்த கிரீஸைச் சில நாட்களுக்கு இளக்கும். பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்பைவிட மோசமாக இறுகும். அதோடு கிளட்சின் உராயும் பரப்பில் ஒரு துளி தெறித்தாலும் அது வழுக்கத் தொடங்கிவிடும். கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் திருகுகளையும் தனித்தனிக் கிண்ணத்தில் பெயர் எழுதி வையுங்கள். ஒரே அளவாகத் தோன்றும் இரண்டு ஸ்பிரிங்குகளின் இழுவிசை ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

சுத்தம் செய்து பூட்டியதும் மின்சாரம் இல்லாமலேயே மோட்டார் அச்சைக் கையால் சுற்றி முழுச் சுழற்சியையும் பாருங்கள். நாம் தேர்ந்தெடுத்த பாட்டுக்குரிய சிறு முள் நீட்டிக்கொண்டு நிற்க, நகர்ந்து வரும் வண்டி அதைத் தொட்டதும் நிற்கிறது. கை போன்ற ஓர் உறுப்பு தட்டை அடுக்கிலிருந்து தூக்குகிறது. தட்டு இறுகப் பிடிக்கப்பட்டதும் ஊசி அதன் மேல் சாய்கிறது. கணினியோ டிரான்சிஸ்டரோ இல்லாத ஓர் இயந்திரம், நெம்புகோல்களையும், சுழலும்போது அவற்றைத் தள்ளும் கேம்களையும் நம்பி இத்தனை நுட்பமாக நினைவு வைத்துக்கொள்வதைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கும்போதுதான் முழுமையாக உணர முடிகிறது. நான் அன்று மாலை முழுவதும் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். எங்கேனும் தடை தென்பட்டால் வலுவாகத் திருப்பாமல் அந்த இடத்திலேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். இந்த இயந்திரங்களில் உள்ள வார்ப்பு உலோகப் பாகங்கள் வளையாமல் உடைந்துவிடும்.

அடுத்தது மின்பகுதி. ஒலியைப் பெருக்கும் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பிளிஃபயருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்கள் அந்த மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஒரு மின்தடை வழியாக அவற்றை வடித்து, மல்டிமீட்டரில் சுழியம் காட்டுகிறதா என்று பார்க்காமல் உள்ளே கைவிடாதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்துபோயிருக்கும். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் கசியத் தொடங்கியிருக்கும். இரண்டையும் சோதித்து நேரத்தை வீணாக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. குறிப்பாக அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) செல்லும் கண்டென்சர் கசிந்தால், அந்த வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துச் சிவந்து பழுக்கும். அதோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கருகக்கூடும். கண்டென்சர் எளிதில் கிடைத்துவிடும், அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் செலினியம் ரெக்டிஃபையர் இருந்தால் அதையும் சிலிக்கான் டயோடாக மாற்றுங்கள். டயோடில் மின்னழுத்த இழப்பு குறைவு என்பதால் வெளியீடு உயர்ந்துவிடாதபடி தகுந்த மின்தடையைத் தொடரில் சேர்க்க வேண்டும்.

முன்பு யாரோ செய்த பழுதுபார்ப்பையும் சந்தேகத்தோடு பாருங்கள். என் பெட்டியில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள். ரிலேயின் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) காண்டாக்ட்களை உப்புத்தாளால் தேய்த்து, அவற்றின் மேல்பூச்சையே அழித்திருந்தார்கள். காண்டாக்ட்களை ஆல்கஹாலில் நனைத்த தடித்த தாளால் துடைத்தால் பெரும்பாலும் போதும். இரண்டு முள் பிளக்கை எடுத்துவிட்டு, எர்த் இணைப்புள்ள மூன்று முள் ஒயராக மாற்றுவதில் மட்டும் பழைமையைக் காக்க வேண்டும் என்று தயங்காதீர்கள்.

முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது, சாதாரண குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்த சீரிஸ் லேம்ப் வழியாகக் கொடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு செய்தி: அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்ட பெட்டிகள் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானவை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும் என்பதால், 45 சுற்றுத் தட்டு ஏறத்தாழ 37.5 சுற்றில் பாடி, குரல்கள் கனத்து இழுபடும். இதற்கு 50 ஹெர்ட்ஸுக்கான இயக்கப் பாகமோ அதிர்வெண் மாற்றியோ தேவை. இது தெரியாமல் நல்ல மோட்டாரைக் குறை சொல்பவர்கள் உண்டு.

ஊசியைக் கட்டாயம் மாற்றுங்கள். 78 சுற்றுத் தட்டின் பள்ளத்துக்கு ஏறத்தாழ 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனையும், மோனோ 45 தட்டுக்கு 1 மில் முனையும் பொருந்தும். 1950களின் இறுதிக்குப் பிறகு வந்த ஸ்டீரியோ தட்டுகளைப் பழைய மோனோ கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்குறிப்பாக்கும் பாகம்) போடாதீர்கள். மேலும் கீழும் நெகிழாத ஊசி அந்தப் பள்ளத்தைச் சீவிவிடும்.

வெளிப்பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பின்புறம் வண்ணம் தீட்டிய கண்ணாடிகளை அந்தப் பக்கத்தில் ஈரத்துணியால்கூடத் தொடாதீர்கள், வண்ணம் உரிந்து வந்துவிடும். வுர்லிட்சரின் குமிழிக் குழாய்களில் இருப்பது மெத்திலீன் குளோரைடு என்ற நச்சுத் திரவம். அவற்றைக் கழற்றும்போது கண்ணாடி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பெட்டியை அலங்காரப் பொருளாக நிறுத்திவிடாமல், வாரம் ஒருமுறையாவது அடுக்கின் இரு முனைகளிலிருந்தும் சில பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். அப்போது வண்டி தன் பாதை முழுவதையும் கடந்து செல்லும். காண்டாக்ட்களும் படிவு சேராமல் இருக்கும். உங்கள் பெட்டியின் மாதிரி எண்ணையும், உட்புறத்தின் தெளிவான படம் ஒன்றையும் கேள்வியில் சேர்த்தால், அந்த அமைப்புக்குரிய விவரங்களை இதே பதிலில் சேர்த்து எழுதுகிறேன்.