செம்மறியின் மூத்திரம் கோப்பி நிறத்தில் போனால்: பி.கே.சி. தீவனமும் சிவப்பணுவின் சவ்வும்

கேள்வி: ஐயா, வணக்கம். பினாங்கு, சுங்கை பாக்காப் பக்கம் 18 செம்மறி வளர்க்கிறேன். பார்படோஸ் கலப்பு, ஒவ்வொன்றும் 35 கிலோ இருக்கும். நாலு மாதமாகத் தலைக்கு 700 கிராம் பி.கே.சி.யும் (செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு) 3 கிலோ நேப்பியர் புல்லும் போடுகிறேன். மாட்டுக்கு வாங்கிய உப்புக்கட்டியும் கொட்டகையில் தொங்குகிறது. போன வாரம் லாரியில் ஏற்றி இடம் மாற்றினேன். மூன்றாம் நாள் ஒரு கிடாய் தீனி எடுக்கவில்லை. கண் மஞ்சள், மூத்திரம் கோப்பி நிறம். மறுநாள் செத்துவிட்டது. நேற்று ஒரு பெட்டையும் போய்விட்டது. அதே தீனி தின்னும் வெள்ளாடுகளுக்கு ஒன்றுமில்லை. இது உண்ணிக் காய்ச்சலா?

பதில்: உண்ணியைவிடத் தாமிர நஞ்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மிச்சமுள்ள 16 ஆடுகளுக்கும் இன்றே பி.கே.சி.யை நிறுத்துங்கள், உப்புக்கட்டியைக் கழற்றுங்கள். ஆனால் பட்டினி போடாதீர்கள். பசியும் அலைச்சலும்தான் இந்த நோயைக் கிளப்பிவிடும். புல்லைத் தாராளமாகக் கூட்டி, தலைக்கு 150 கிராம் அரிசித் தவிடு கொடுங்கள். ஊசி, குளிப்பாட்டு, இடமாற்றம் எதுவும் இப்போது வேண்டாம்.

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் தாமிரம் இருக்கிறது. மாட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. செம்மறியோ பித்தத்தின் வழியாகத் தாமிரத்தை வெளியேற்றுவதில் மிக மந்தம். வெள்ளாடு அதைவிட நன்றாகத் தாங்கும். உங்கள் தீனியைக் கணக்குப் போட்டால், 630 கிராம் உலர் புண்ணாக்கில் 16 மில்லிகிராம், 600 கிராம் உலர் புல்லில் 5 மில்லிகிராம். மொத்த உலர் தீனியில் கிலோவுக்கு 17 மில்லிகிராம் ஆகிறது. செம்மறிக்கு 15 என்பதே மேல் எல்லை. மாட்டு உப்புக்கட்டியின் தாமிரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அப்படியானால் நாலு மாதம் ஏன் ஒன்றும் தெரியவில்லை? கல்லீரல் அந்தத் தாமிரத்தை லைசோசோம் என்ற நுண்பைகளுக்குள் பூட்டி வைத்திருந்தது. அந்தப் பைக்கும் சரி, சிவப்பணுவுக்கும் சரி, சுவர் என்பது பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கும் சவ்வுதான். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூலக்கூறிலும் பாஸ்பேட் உள்ள தலை நீரைப் பார்த்து நிற்கும், இரண்டு கொழுப்பு வால்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும். வால்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகளால்தான் சவ்வு இளக்கமாக இருக்கிறது. அவையே அதன் பலவீனமும்கூட. கட்டற்ற தாமிரம் அங்கே வீரியமான ஆக்சிஜன் துணுக்குகளை உண்டாக்கும். ஒரு வால் கெட்டால் அது பக்கத்து வாலையும் கெடுக்கும்; இந்தத் தொடர்வினை சவ்வு முழுக்கப் பரவும்.

லாரிப் பயணத்தின் அதிர்ச்சியில் கல்லீரலின் பைகள் உடைந்து தாமிரம் மொத்தமாக ரத்தத்தில் கொட்டியிருக்கும். சிவப்பணுச் சவ்வு விறைத்துக் கசிகிறது, அணு வெடிக்கிறது, ஹீமோகுளோபின் மூத்திரத்தில் இறங்குகிறது. வெடிக்காத அணுக்களிலும் பாஸ்படிடைல்செரின் என்ற பாஸ்போலிப்பிட், வழக்கமாக உள்ளடுக்கில் இருப்பது, வெளியடுக்குக்குப் புரண்டுவிடும். அதைக் கண்டதும் மண்ணீரல் அந்த அணுக்களை விழுங்கும். இந்த நோயில் மண்ணீரல் வீங்கிக் கறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வைட்டமின் இ சவ்வுக்குள்ளேயே இருந்து தொடர்வினையை அறுக்கும். செலினியம் கொண்ட நொதி கெட்ட பாஸ்போலிப்பிட்டைச் சரிசெய்யும். இவை குறைந்த ஆடுதான் முதலில் விழும்.

உறுதிப்படுத்தாமல் மருந்துக்குப் போக வேண்டாம். சிவப்பு மூத்திரத்தைக் கண்ணாடிக் குப்பியில் அசையாமல் வையுங்கள். அடியில் சிவப்பு படிந்து மேலே தெளிந்தால் அது ரத்தக்கசிவு. நிறம் அப்படியே நின்றால் ஹீமோகுளோபின். உண்ணிக் காய்ச்சலிலும் எலிக்காய்ச்சலிலும் நிறம் நிற்கும், ஆனால் அவற்றில் பெரும்பாலும் நல்ல காய்ச்சல் இருக்கும். எலிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். இன்னொரு ஆடு செத்தால் கால்நடைத் துறையிடம் சொல்லி, கல்லீரலும் சிறுநீரகமும் புக்கிட் தெங்ஙா ஆய்வகத்துக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். கொழுப்பு மஞ்சளாகவும், சிறுநீரகம் நீலக்கறுப்பில் உலோகம்போல் மின்னியும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஈரக் கல்லீரலில் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் தாமிரம் இருந்தால் முடிவாயிற்று. செத்த ஆட்டின் இறைச்சியை யாரும் தின்னக் கூடாது.

உயிரோடு இருப்பவை நலமாகத் தெரிவதை நம்ப வேண்டாம். வெடிப்புக்கு முன் ரத்தத்தில் தாமிரம் சாதாரண அளவிலேயே இருக்கலாம். ஆகவே ஏ.எஸ்.டி., ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவை வாரக்கணக்கில் முன்னதாகவே ஏறிவிடும். ஏறியிருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் தலைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அமோனியம் மொலிப்டேட்டும் 1 கிராம் சோடியம் சல்பேட்டும் வாய்வழியாக மூன்று முதல் ஐந்து வாரம் தரலாம். மொலிப்டினமும் கந்தகமும் குடலில் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். வைட்டமின் இ, செலினியம் ஊசியின் அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும்; செலினியம் கூடினால் அதுவே நஞ்சு. மருந்து கொடுத்த ஆட்டை எப்போது அறுக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

நொதிகள் இறங்கிய பிறகு பி.கே.சி.க்குத் திரும்பலாம், ஆனால் தலைக்கு 350 கிராமுக்கு மேல் வேண்டாம். புல்லை நாலரை கிலோவாக்கினால் தாமிரம் கிலோவுக்கு 12 அல்லது 13 மில்லிகிராமில் நிற்கும். கூடவே ஏழு நீர் மூலக்கூறு கொண்ட துத்தநாக சல்பேட்டை 16 ஆடுகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு எட்டரை கிராம் எடுத்து, தண்ணீரில் கரைத்துப் புண்ணாக்கில் சீராகப் பிசறுங்கள். தாமிரம் குடலில் ஏறுவதை அது குறைக்கும். செம்மறிக்கென்று தயாரித்த, தாமிரம் சேர்க்காத உப்புக்கட்டி வாங்குங்கள். வெள்ளாடுகளுக்கு வேறு கட்டி வைப்பதானால் செம்மறிக்கு எட்டாத தடுப்புக்குள் கட்டுங்கள்.