டப்பா வாங்கினால் வீடு ஒழுங்காகிவிடுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு பெட்ரூம் வீடு. கணவர், நான், ஆறு வயது மகள். வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில்தான் ஆபீஸ் வேலை. தீபாவளிக்கு முன்னால் 14 பிளாஸ்டிக் டப்பா வாங்கி, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அடுக்கினேன். இரண்டே மாதத்தில் பழைய கதை. ஒழுங்கு பிறவியிலேயே வரவேண்டிய குணமா?

பதில்: குணத்தில் குறையில்லை, வரிசைதான் மாறிவிட்டது. டப்பா கடைசியாக வாங்க வேண்டியது. முதலில் வாங்கினால் இடம் இருக்கிற டப்பாவில் கைக்குக் கிடைத்ததைப் போடுவோம். பழைய சார்ஜர், பிறந்தநாள் மெழுகுவர்த்தி, இருமல் மருந்து எல்லாம் ஒரே மூடிக்குள் போய்விடும். மூடியதும் மறந்துபோகும், தேவைப்படும்போது கடையில் இன்னொன்று வாங்குவோம்.

மூன்று நாள் எதையும் ஒதுக்காதீர்கள். எது எங்கே சேர்கிறது என்று மட்டும் எழுதி வையுங்கள். சாப்பாட்டு மேசையில் தினமும் சாவியும் கரண்ட் பில்லும் கிரேயானும் கிடந்தால், அவற்றுக்கான இடம் அந்த மேசையிலிருந்து கையெட்டும் தூரத்தில் இல்லை என்று அர்த்தம். சாவிக்கு வாசல் பக்கம் ஒரு ஆணி, கிரேயானுக்கு மூடியில்லாத கூடை போதும். நாற்காலியைத் தள்ளி, அலமாரியைத் திறந்து, மேல் டப்பாவை இறக்கி, மூடியைக் கழற்றி வைக்கவேண்டிய இடத்தில் களைத்து வந்தவர் யாரும் எதையும் வைக்கமாட்டார்கள்.

நாற்காலியில் குவியும் துணியும் அப்படித்தான். ஒருமுறை உடுத்தியது, அழுக்கில்லை, ஆனால் வியர்வை ஈரம் இருக்கிறது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதைத் துவைத்த துணியோடு பீரோவில் வைத்தால் வாடை வரும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் நாற்காலி. பெட்ரூம் கதவின் பின்னால் ஆளுக்கு இரண்டு வீதம் 6 கொக்கி அடியுங்கள், நாற்காலி காலியாகும்.

மூடிய டப்பாவில் பொருள் பத்திரமாக இருக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் அடைத்தால் ஈரமும் சேர்ந்தே அடைபடும். தோல் பை, பட்டுப்புடவை, ஆல்பம் எல்லாம் பூசணம் பிடிக்கும். மழை தொடங்குவதற்கு முன், உலர்ந்த நாளில் காயவைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு அடையுங்கள். வெளிச்சுவரை ஒட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். லாஃப்ட்டில் அட்டைப்பெட்டி வேண்டாம், ஈரத்தை இழுத்துக் கரப்பானுக்கு வீடாகிவிடும்.

காகிதத்தில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதும் தவறு, ஸ்கேன் செய்துவிட்டோமே என்று மூலத்தை அலட்சியமாக விடுவதும் தவறு. வீட்டுப் பத்திரம், ஹவுசிங் சொசைட்டி தரும் ஷேர் சர்டிபிகேட், பட்டச் சான்றிதழ், பிறப்பு, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்பிரதி ஒரே ஃபைலில் இருக்கட்டும். லேமினேட் செய்யாதீர்கள்; வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ பின்பக்கம் முத்திரை குத்த முடியாமல் திண்டாடுவீர்கள். டிஜிலாக்கரில் (ஆவணங்களை டிஜிட்டலாக வைக்கும் மத்திய அரசின் ஆப்) அரசுத் துறையே வழங்கிய ஆவணம் மூலத்துக்குச் சமம், நீங்கள் போட்டோ எடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு இல்லை. வருமான வரிக் காகிதங்களை 8 வருஷம் வைத்திருப்பது நல்லது. கடை பில் வழவழப்பான தெர்மல் தாளில் இருந்தால் வாரண்டி முடிவதற்குள் எழுத்து மறைந்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். மற்றவற்றில் பெயர், கணக்கு எண் உள்ள பகுதியைக் கிழித்துவிட்டு பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் போடலாம்.

ஆபீஸ் வேலைக்குத் தனி மேசை தேவையில்லை. லேப்டாப், சார்ஜர், நோட்டு, ஹெட்போன் நான்கும் ஒரே பையில் இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டு வருமுன் எல்லாம் பைக்குள் போகவேண்டும். மெயிலுக்கு முப்பது ஃபோல்டரும் வேண்டாம். பதில் சொல்லவேண்டியவை, பிறர் பதிலுக்குக் காத்திருப்பவை என இரண்டு போதும், மற்றதைத் தேடினால் கிடைக்கும்.

ஒரே ஞாயிறில் முடிக்க நினைக்காதீர்கள். மாலையில் களைத்த தலை எதையும் தீர்மானிக்காது, “அப்புறம் பார்க்கலாம்” டப்பாதான் நிறையும். ஒரு நாளைக்கு ஒரு இழுப்பறை, 20 நிமிஷம். எல்லாம் முடிந்தபின் அலமாரித் தட்டின் அகலம், ஆழம், உயரத்தை அளந்து, கை நுழைய உயரத்தில் இரண்டு அங்குலம் விட்டு, அதற்குப் பொருந்தும் டப்பாவை மட்டும் வையுங்கள். அந்த 14-இல் மிஞ்சியதை லாஃப்ட்டில் ஏற்றாமல் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.