மறு: காஷ்காய் கம்பளத்தில் பாதிக்கு மேல் சிவப்பு வெளிறுகிறது, போலியா?

பதறாதீங்க, பெரும்பாலும் போலியில்லை. ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்துக் காஷ்காய் எனும் நாடோடி இனப் பெண்கள் தரையில் கிடத்திய தறியில் நெய்பவை இவை. நம்ம மஞ்சிட்டிக்குச் சொந்தக்காரச் செடியின் வேரில்தான் அந்தச் சிவப்பு. நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோய்ப்பதால் ஒரு தோய்ப்பின் நிறம் அடுத்ததில் அப்படியே வராது. இந்த நிற மாற்றத்தை 'அப்ரஷ்' என்பார்கள். எனக்கு அதுதான் அழகே!

ஆனால் அந்த நிறப் பட்டை ஊடை போகும் திசையில், குறுக்காக ஓடணும். திட்டுத்திட்டாக இருந்தால் சந்தேகப்படுங்க. கம்பளி இழைகளை விரலால் விலக்கி அடியைப் பாருங்க. நுனி வெளிறி, அடி மட்டும் அடர்சிவப்பாக இருந்தால் வெயிலோ ரசாயனக் கழுவலோ காரணம். நுனியும் அடியும் ஒரே நிறமென்றால் நெய்யும்போதே வந்தது. ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றியும் பாருங்க. சிவப்பு ஒட்டினால் தண்ணீரில் நனைக்கவே நனைக்காதீங்க, கடைக்காரரிடம் பேசுங்க.